கால் நூற்றாண்டுக்குப் பிறகு காவிரிக் கரைக்கு: எந்த மாதம், எந்த ஊர், எத்தனை நாள்?

கேள்வி: எங்களுக்குத் திருமணமான 1984 முதல் 1999 வரை, பொங்கல் முடிந்த கையோடு கும்பகோணம், தஞ்சாவூர், பூம்புகார், தரங்கம்பாடி என்று ஒரு சுற்றுப் போய்வருவது எங்கள் வழக்கம். பிறகு கணவரின் வேலை காரணமாக மஸ்கட்டுக்குக் குடிபெயர்ந்தோம். இப்போது கோயம்புத்தூரில் இருக்கிறோம். அவருக்கு வயது 68, எனக்கு 64. எனக்கு ஒரு முழங்காலில் மாற்று அறுவை சிகிச்சை நடந்திருக்கிறது. கும்பகோணம் படித்துறையில் தண்ணீரில் காலை நனைத்தபடி உட்கார்ந்த அந்த நாட்களை மறுபடி ஒருமுறை பார்த்துவிட வேண்டும் என்பது என் ஆசை. "நாம் பார்த்த ஊர் இப்போது இருக்காது, போய் மனத்தைக் கெடுத்துக்கொள்வானேன்" என்கிறார் அவர். பேரனின் பள்ளி விடுமுறையில், மே மாதம், மகன் காரில் அழைத்துப் போவதாகச் சொல்கிறான். ஒன்பது ஊர்களை எழுதி வைத்திருக்கிறேன். நான்கு நாட்களில் முடியுமா? இல்லை, 2028 மகாமகத்தோடு சேர்த்துக்கொள்ளலாமா? இன்னொன்று: தரங்கம்பாடிக்கு ரயிலில் போனோம் என்கிறார் அவர், பேருந்தில் போனதாகத்தான் எனக்கு நினைவு. யார் சொல்வது சரி?

பதில்:

அன்புள்ள அம்மா,

கடைசிக் கேள்வியிலிருந்தே தொடங்குகிறேன். மயிலாடுதுறையிலிருந்து தரங்கம்பாடிக்கு ஒரு மீட்டர் கேஜ் கிளைப் பாதை இருந்தது. 1986இல் அந்த ரயிலை நிறுத்திவிட்டார்கள். ஆகவே உங்கள் முதல் ஓரிரு பயணங்களில் நீங்கள் ரயிலில் போயிருக்கலாம். அதற்குப் பிந்தைய பயணங்கள் எல்லாம் பேருந்தில்தான் நடந்திருக்க முடியும். இருவர் நினைவும் சரியாக இருக்க இடமுண்டு. இந்தச் சின்ன வழக்கை நான் முதலில் எடுத்துக்கொண்டதற்குக் காரணம் உண்டு. பழைய இடங்களைத் திரும்பப் பார்க்க வரும் தம்பதிகளுக்குப் பயணத் திட்டம் போட்டுத் தருவதே என் தொழில். அவர்களுக்குள் வழியில் வரும் மனத்தாங்கல் பெரும்பாலும் ஊர் மாறிப்போனதால் வருவதில்லை, ஒரே பயணத்திலிருந்து இருவரும் வெவ்வேறு ஊரை எடுத்துப்போய் வைத்திருப்பதால் வருகிறது. உங்கள் கடிதத்தில் படித்துறை இருக்கிறது. அவர் பேச்சில் ரயில் இருக்கிறது. ஒன்பது ஊர்ப் பட்டியல் நீங்கள் எழுதியது. அவரை ஒரு பட்டியல் எழுதச் சொன்னீர்களா என்று கடிதத்தில் இல்லை. அவர் வேண்டாம் என்பது பயணத்தையே என்று நான் முடிவுகட்ட மாட்டேன்.

எனவே, எந்த ஏற்பாட்டுக்கும் முன்னால், இருவரும் தனித்தனித் தாளில் மூன்று வரிகள் எழுதுங்கள். ஊர்ப் பெயர் வேண்டாம். எந்த நேரம், எங்கே உட்கார்ந்து, எதைப் பார்த்தோம் அல்லது சாப்பிட்டோம் என்று எழுதுங்கள். "தஞ்சாவூர்" என்று எழுதினால் எனக்கு ஒன்றும் புரியாது. "பெரிய கோயில் பிராகாரத்தில் சாயங்காலம் புல்தரையில் உட்கார்ந்தது" என்று எழுதினால் அதற்கு என்ன செய்ய வேண்டும் என்று எந்த அமைப்பாளராலும் சொல்ல முடியும். இரண்டு தாள்களிலும் உள்ளதை ஒன்றுசேர்த்தால் உங்கள் ஒன்பது ஊர்கள் நான்காகக் குறைந்துவிடும் என்பது என் எதிர்பார்ப்பு.

உங்கள் கணவர் சொல்வதில் உண்மை இல்லாமல் இல்லை. அதை மறைத்து உங்களை அழைப்பது எனக்கு அழகில்லை. நீங்கள் கடைசியாக வந்த 1999க்குப் பிறகு டெல்டா பல அடிகளைத் தாங்கியிருக்கிறது. 2004 டிசம்பர் 26 சுனாமி நாகப்பட்டினம் கடற்கரையைப் புரட்டிப்போட்டது, தரங்கம்பாடியும் தப்பவில்லை, அலையோரத்தில் நீங்கள் பார்த்த மீனவர் குடியிருப்புகள் பலவும் உள்ளே தள்ளிப் போய்விட்டன. 2018 நவம்பர் 16 அதிகாலை கஜா புயல் கரையேறியபோது வேதாரண்யம், பட்டுக்கோட்டைப் பக்கத்துத் தோப்புகள் அழிந்தன; அந்த வழியில் இப்போது நிற்கும் தென்னைகளில் பெரும்பகுதி இளங்கன்றுகளாக வைத்து வளர்ந்தவை. மீட்டர் கேஜ் ரயில்கள் போய், பிரதானப் பாதை முழுவதும் அகலப் பாதையாகி மின்மயமாகிவிட்டது. மயிலாடுதுறை 2020 டிசம்பர் முதல் தனி மாவட்டம். அந்நாளில் நீங்கள் தங்கிய விடுதியின் பெயரை நீங்கள் எழுதவில்லை. எழுதியிருந்தாலும் அதைத் தேடிப் போக வேண்டாம் என்றே சொல்லியிருப்பேன். பழைய அறை இருந்தாலும் ஏமாற்றம், இல்லாவிட்டாலும் ஏமாற்றம்.

அறுவடையும் மாறிவிட்டது. தை மாதத்தில் நீங்கள் பார்த்த, வரிசையாகக் குனிந்து கதிர் அறுக்கும் பெண்கள் இன்று அரிது. அறுவடை இயந்திரம் இறங்கி, ஒரு ஏக்கரைச் சிறிது நேரத்தில் முடித்துவிட்டு அடுத்த வயலுக்குப் போய்விடுகிறது. ஆனால் அறுத்த நெல்லுக்குக் காய இடம் வேண்டுமே. அதனால் தையிலும் மாசியிலும் கிராமச் சாலைகளில் தாரின் ஒரு பாதியை நெல் பிடித்துக்கொண்டிருக்கும். ஓரத்தில் செங்கல்லையோ கருங்கல்லையோ வரிசையாக வைத்து எல்லை கட்டியிருப்பார்கள். ஒருவர் வெறுங்காலால் நெல்லை உழுவதுபோல நடந்து நடந்து புரட்டிவிடுவார். சற்றுத் தள்ளி நேரடி கொள்முதல் நிலைய வாசலில் தார்ப்பாய் மூடிய குவியல்கள் முறைக்குக் காத்திருக்கும். உங்கள் ஓட்டுநர் அங்கே ஹாரன் அடிக்காமல் மெதுவாக ஒதுங்கிப் போக வேண்டும். சக்கரம் ஏறினால் நெல் உடையும். நீங்கள் பார்த்த காட்சி இதுவல்ல என்றாலும், அதே வேலை இன்று நடக்கும் விதம் இது. இதைக் காரை நிறுத்தி இறங்கிப் பார்ப்பவர்கள், ஊர் போய்விட்டது என்று சொல்லித் திரும்புவதை நான் அதிகம் கேட்டதில்லை.

இனி மாதத்துக்கு வருவோம். என் ஆலோசனையில் முக்கியமானது இதுதான். மே மாதம் கூடவே கூடாது. வெயில் ஒரு காரணம், ஆனால் முதல் காரணம் தண்ணீர். மேட்டூர் அணையை ஜூன் 12இல் திறந்து ஜனவரி 28இல் மூடுவது நெடுநாள் வழக்கம். நீர் இருப்பைப் பொறுத்துத் திறப்பும் மூடலும் முன்பின்னாகும் என்றாலும் கணக்கு அதுதான். நீங்கள் பொங்கல் முடிந்ததும் வந்தீர்கள் என்றால், அணை மூடுவதற்கு முன்னால் ஆற்றில் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்த கடைசி நாட்களில் வந்திருக்கிறீர்கள். சம்பாக் கதிர் முற்றி, வயல் பொன்னிறமாகத் திரும்பும் நாட்களும் அவையே. பதினைந்து ஆண்டுகளும் காவிரியின் மிக நல்ல முகத்தையே பார்த்துவிட்டுப் போயிருக்கிறீர்கள். மே மாதம் அதே படித்துறைக்கு வந்தால், கடைசிப் படிக்குக் கீழே மணலும் நாணலும் ஆகாயத்தாமரை காய்ந்த சருகும்தான் இருக்கும். உங்கள் கணவர் "நான் அப்போதே சொன்னேனே" என்பார், அவரைக் குறைசொல்லவும் முடியாது. 1985 மே மாதம் வந்திருந்தாலும் நீங்கள் கண்டிருக்கக்கூடியது கிட்டத்தட்ட அதே மணலைத்தான்.

தண்ணீர் ஓடும் மாதத்திலும் ஒரு நுணுக்கம் உண்டு. கல்லணையில் காவிரி, வெண்ணாறு, கல்லணைக் கால்வாய், கொள்ளிடம் என்று நீர் பிரிகிறது. வரத்து குறைந்தால் முறை வைத்து, சில நாட்கள் காவிரிக்கும் சில நாட்கள் வெண்ணாற்றுக்கும் மாற்றி மாற்றி விடுவார்கள். நல்ல மழை பெய்து வயலில் நீர் நிற்கும்போது அணையிலிருந்து விடும் அளவையும் குறைத்துவிடுவார்கள். ஆகவே அணை திறந்திருக்கிறது என்ற செய்தியை மட்டும் நம்பி வராமல், புறப்படுவதற்கு இரண்டு நாள் முன்னால் கல்லணையிலிருந்து காவிரியில் எத்தனை கன அடி விடுகிறார்கள் என்பதைத் தஞ்சாவூர்ப் பதிப்பு நாளிதழில் பாருங்கள், அல்லது நீங்கள் தங்கப்போகும் விடுதியில் "ஆற்றில் தண்ணீர் வருகிறதா" என்று ஒரு வார்த்தை கேளுங்கள். காவிரியில் முறை இல்லாத நாளாக இருந்தால், கும்பகோணத்தின் தெற்கே ஓடும் அரசலாற்றையும் பார்த்துக்கொள்ளுங்கள் என்று சொல்வார்கள். அங்கும் இல்லையென்றால் திருவையாறு போகும் வழியில் எந்த ஆற்றிலாவது இருக்கும். தஞ்சாவூரிலிருந்து ஐந்து ஆறுகளைக் கடந்து போகிற ஊர் அது.

என் பரிந்துரை: ஜனவரி 20இலிருந்து 25 வரை. காணும் பொங்கல் கூட்டம் கலைந்திருக்கும். சபரிமலை பக்தர்களின் வாகனங்கள் கோயில் வாசல்களிலிருந்து போயிருக்கும். வடகிழக்குப் பருவமழையும் புயல் பயமும் ஓய்ந்திருக்கும். குடியரசு நாளை ஒட்டிய நீண்ட விடுமுறைக்கு முன்னால் ஊர் திரும்பிவிடுங்கள். திருவையாற்றில் தியாகராஜ ஆராதனை அந்த நாட்களில் விழுகிறதா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்; புஷ்ய பகுள பஞ்சமி என்ற தேய்பிறைத் திதியைப் பொறுத்து அதன் தேதி ஆண்டுதோறும் மாறும். சங்கீதம் வேண்டுமென்றால் அதற்கே வரலாம். அமைதி வேண்டுமென்றால் அந்த வாரத்தை ஒதுக்கிவிடுங்கள். மகனும் பேரனும் அப்போது வர முடியாதே என்பீர்கள். வரவேண்டாம் என்பதே என் கருத்து. இது உங்கள் இருவரின் பயணம். பேரனுக்கு வேறொரு விடுமுறையில் வேறொரு பயணம் போட்டுக்கொள்ளலாம்.

மகாமகத்தைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. 1992இல் நெரிசலில் உயிரிழப்பு நேர்ந்தது உங்களுக்கு நினைவிருக்கும். 2004லும் 2016லும் ஏற்பாடுகள் மேம்பட்டன என்றாலும், செயற்கை மூட்டு வைத்தவர் அந்தக் கூட்டத்தில் குளத்துப் படியில் இறங்குவதை நான் ஆதரிக்க மாட்டேன். மகாமகத்துக்கு முந்தைய காலத்தில் கும்பகோணத்துக் கோயில்களில் திருப்பணி நடப்பதும் வழக்கம். கோபுரத்தைச் சாரம் கட்டி மறைத்திருக்கலாம், பாலாலயம் செய்து வழிபாட்டைத் தற்காலிக இடத்துக்கு மாற்றியிருந்தால் மூலவர் தரிசனம் கிடைக்காமலும் போகலாம். அதையும் கேட்டுக்கொண்டு புறப்படுங்கள்.

நாட்களும் ஊர்களும். நான்கு நாளில் ஒன்பது ஊர் என்பது காரின் உட்புறத்தை நன்றாகப் பார்க்கும் திட்டம். ஐந்து இரவுகள் ஒதுக்குங்கள். கும்பகோணத்தில் மூன்று, தரங்கம்பாடியில் இரண்டு. கோடியக்கரையை எடுத்துவிடுங்கள், தரங்கம்பாடியிலிருந்து ஏறக்குறைய 90 கிலோமீட்டர், போய் வரவே ஒரு நாள் போய்விடும். வலசைப் பறவைகளையும் வெளிமான்களையும் பார்க்க வேண்டும் என்றால் அதற்கென்று தனியே வர வேண்டும்.

கோயம்புத்தூரிலிருந்து மயிலாடுதுறை ஜன சதாப்தியில் காலையில் ஏறினால் மதியச் சாப்பாட்டு வேளையில் கும்பகோணத்தில் இறங்கிவிடலாம். கோயில்களெல்லாம் அப்போது நடை சாத்தியிருக்கும் என்பதால் ஓய்வெடுப்பதைத் தவிர வேறு வழியிருக்காது. உங்கள் முழங்காலுக்கு அது நல்லது. முதல் நாள் மாலை தாராசுரம் கோயில் மட்டும் போதும், நான்கு கிலோமீட்டர்தான். நீங்கள் கடைசியாகப் பார்த்தபோது இந்தச் சோழர் கோயில்களில் தஞ்சைப் பெரிய கோயில் மட்டுமே உலகப் பாரம்பரியச் சின்னமாக இருந்தது. தாராசுரமும் கங்கைகொண்ட சோழபுரமும் 2004இல் அதில் சேர்ந்தன. அதனால் பராமரிப்பு கூடியிருக்கிறது, கூட்டமும் சற்றுக் கூடியிருக்கிறது. சாயும் வெயில் தேர்ச்சக்கர மண்டபத்தின் தூண்களில் பக்கவாட்டில் விழும்போது, உள்ளங்கை அளவுச் சிற்பங்கள்கூடத் துல்லியமாகத் தெரியும். உச்சிவெயிலில் அவை தட்டையாகிவிடும்.

தஞ்சாவூருக்கும் இதே விதி. 40 கிலோமீட்டர் என்பதால் பிற்பகல் மூன்றரைக்குப் புறப்பட்டுப் போய், இருட்டிய பிறகு திரும்புங்கள். காலை பத்து மணிக்கு மேல் பிராகாரக் கல்லில் வெறுங்காலோடு நடப்பது தை மாதத்திலும் சுகமில்லை. காலுறை எடுத்துப் போங்கள். 2020 பிப்ரவரியில் அங்கே குடமுழுக்கு நடந்தது. நீங்கள் அறிந்த விமானம் அப்படியேதான் இருக்கிறது. 1010இல் கட்டி முடித்ததற்கு இந்த இருபத்தைந்து ஆண்டுகள் ஒரு பொருட்டில்லை.

சுவாமிமலையில் 60 படிகள். உங்கள் கணவர் மேலே போய்வரட்டும். நீங்கள் கீழே ஒரு ஸ்தபதி பட்டறையில் உட்காருங்கள். மெழுகில் செய்த உருவத்தின் மேல் காவிரியின் வண்டல் மண்ணை முதலில் மிக மெல்லிய பூச்சாகப் பூசுவார்கள். நகக்கண்ணின் கோடுகூட அந்தப் பூச்சில் பதிந்துவிடும். அது நிழலில் காய்ந்த பிறகு மேலும் கனமாக மண் அப்பி, கம்பி கட்டி, சூடேற்றி மெழுகை வடித்துவிட்டு, அந்த வெற்றிடத்தில் உலோகத்தை ஊற்றுவார்கள். உடைத்துப் பார்க்கும்வரை உள்ளே என்ன வந்திருக்கிறது என்று தெரியாது. சோழர் காலத்துப் படிமங்களுக்கும் இதுவே முறை. முன்கூட்டிச் சொல்லிவிட்டுப் போனால் நாற்காலி போட்டு உட்காரவைத்துக் காட்டுவார்கள். வாங்கியாக வேண்டும் என்ற கட்டாயம் இல்லை.

படித்துறை விஷயத்தில் ஒரு கண்டிப்பு. நீருக்குள் இறங்கும் படிகளில் பாசி இருக்கும்; பிடித்துக்கொள்ளக் கம்பி இருக்காது. பகவத் படித்துறையானாலும் திருவையாறு புஷ்ய மண்டபத் துறையானாலும் மேல் படியோடு நின்றுவிடுங்கள். காலை நனைத்தே ஆக வேண்டும் என்றால், கணவர் ஒரு சொம்பில் மொண்டு வந்து ஊற்றட்டும். மடக்கு நாற்காலி ஒன்றைக் காரில் போட்டுக்கொள்ளுங்கள். பழைய கோயில்களின் உயரமான வாசற்படிகளைத் தாண்டும்போது அறுவை செய்யாத காலை முதலில் எடுத்து வைத்து ஏற வேண்டும், இறங்கும்போது அறுவை செய்த காலை முதலில் வைக்க வேண்டும் என்று உங்கள் மருத்துவரும் சொல்லியிருப்பார்.

சாப்பாட்டைப் பற்றி ஒரு வரி: தமிழ்நாட்டு நெடுஞ்சாலைகள் எங்கும் "கும்பகோணம் டிகிரி காபி" பலகையும் பித்தளை டபராவும் முளைத்துவிட்டன, அவற்றைக் குடித்துவிட்டு கும்பகோணத்துக் காபியை எடைபோடாதீர்கள். ஊருக்குள் பழைய கடைகளில் இட்லிக்குக் கடப்பா என்னும் பாசிப்பருப்புக் குழம்பு இருக்கிறதா என்று கேட்டு வாங்குங்கள்.

நான்காம் நாள் உங்கள் கணவருக்கு. மயிலாடுதுறைவரை வாடகைக் காரைப் பெட்டிகளோடு முன்னால் அனுப்பிவிட்டு, கும்பகோணத்திலிருந்து பயணிகள் ரயிலில் ஏறுங்கள். குளிர்சாதனப் பெட்டியின் மூடிய கண்ணாடி வேண்டாம். திறந்த சன்னல், சாதாரண இருக்கை, ஒரு மணி நேரத்துக்குள் முடியும் பயணம். கரி எஞ்சினின் துகள் கண்ணில் விழாது என்பது ஒன்றே குறை. மயிலாடுதுறையிலிருந்து தரங்கம்பாடிக்குச் சாலை வழிதான்.

தரங்கம்பாடி பலருக்கு ஏமாற்றம் தராத ஊர். உங்கள் கணவருக்கு ஒரே ஓர் இடத்தில் மனம் சங்கடப்படக்கூடும், அதை முன்பே சொல்லிவிடுங்கள். கடல் அரித்துப் பாதி சிதைந்து நின்ற மாசிலாமணிநாதர் கோயிலை அவர் மறந்திருக்க மாட்டார். அந்தப் பழைய முகப்பைக் கடல் எடுத்துக்கொண்டது. இன்று நிற்பது திருப்பணி செய்து புதுப்பித்த கோயில். சிதைவை ரசித்தவர்களுக்குப் புதுச் சுண்ணாம்பு பிடிக்காது. ஊர்க்காரர்களுக்கோ விளக்கெரியும் கோயில்தான் வேண்டும், நான் அவர்கள் பக்கம். மற்றபடி 1620இல் டேனிஷ்காரர்கள் எழுப்பிய கோட்டை இருக்கிறது. ஜெர்மன் போதகர் சீகன்பால்கு காலத்துப் புதிய எருசலேம் ஆலயம், 1718இல் கட்டியது, இருக்கிறது. சுனாமிக்குப் பிறகு ராஜ வீதியின் பழைய வீடுகள் சிலவற்றைக் கவனமாகப் புதுப்பித்திருக்கிறார்கள். நீங்கள் பார்த்ததைவிட அந்த வீதி இன்று நன்றாக இருக்கிறது என்றே சொல்வேன். காலையில் ஆறு மணிக்குக் கோட்டைக்கு முன்னால் கடற்கரையில் நடங்கள். ஒன்பது மணிக்கு மேல் பள்ளிச் சுற்றுலாப் பேருந்துகள் வந்துவிடும்.

பூம்புகார் அங்கிருந்து 20 கிலோமீட்டர் அளவில்தான். 1973இல் திறந்த சிலப்பதிகாரக் கலைக்கூடத்தை ஏற்கெனவே பார்த்திருப்பீர்கள். நேரம் குறைவாக இருந்தால் அதை விட்டுவிட்டு நேரே முகத்துவாரத்துக்குப் போங்கள். வழியெல்லாம் கிளைகளுக்குக் கொடுத்துவிட்டு, ஒரு வாய்க்கால் அளவில் கடலுக்கு வந்து சேரும் காவிரியைப் பார்க்க, முன்பகலில் ஓர் அரை மணி நேரம் போதும். கரையில் கொட்டியிருக்கும் பாறைகள் மேல் ஏற வேண்டாம்.

தரங்கம்பாடியில் கடலை ஒட்டிய நல்ல அறைகள் மிகக் குறைவு. ஐப்பசியிலேயே பதிவு செய்யுங்கள், கீழ்த்தள அறை வேண்டும் என்பதையும் எழுத்தில் கேட்டு வாங்குங்கள். பழைய வீடுகளின் மரப்படிகள் செங்குத்தானவை. ரயில் முன்பதிவு இப்போது 60 நாட்களுக்கு முன்னால்தான் திறக்கிறது. ஜனவரி 20 புறப்பாடு என்றால் நவம்பர் 21 காலையில் எடுத்துவிட வேண்டும். அந்த வேலையை உங்கள் கணவரிடம் ஒப்படைத்துவிடுங்கள். சன்னலோர இருக்கையைத் தேர்ந்தெடுக்கும் உரிமையும் அவருக்கே இருக்கட்டும்.